ரிவேர்ப் யூனிட் வாங்க முதல் உங்கள் இன்டர்ஃபேஸைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் குரலும் வயலினும் பதிவு செய்கிறீர்கள், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸாக ஸ்கார்லெட் 2ஐ2 இருக்கிறது, ஒருவர் பழைய அலெசிஸ் மிடிவேர்ப் (ஒலிக்கு ரிவேர்ப், அதாவது அறையின் எதிரொலிப்பு, சேர்க்கும் பெட்டி) ஒன்றை மலிவாகத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். 2ஐ2 இல் பின்பக்கம் ஒலியை வெளியே அனுப்பும் லைன் அவுட் இரண்டேதான், அது ஸ்பீக்கருக்கே போய்விடும். வெளியே உள்ள பெட்டிக்கு ஒலியை அனுப்பி, திரும்பவும் ஸ்டீரியோவாக எடுக்க நாலு அவுட்டாவது உள்ள இன்டர்ஃபேஸ் தேவை, அப்போ மலிவு என்ற கதையே இல்லை. அதோடு அந்தக் கால அலெசிஸ் பெட்டிகள் பல 9 வோல்ட் ஏ.சி. அடாப்டரில் ஓடுபவை, சாதாரண டி.சி. அடாப்டர் சரிவராது.

பெட்டிக்குப் பதில் கணினியிலேயே ஓடும் ரிவேர்ப் மென்பொருள் போதும். வல்ஹல்லா சூப்பர்மாசிவ் இலவசம், பெரிய இடவெளி கேட்கும் ரிவேர்புக்கு அருமை. குரலுக்கு ரீப்பர் என்ற பதிவு மென்பொருளோடு வரும் ரியாவேர்ப் போதும், நல்ல ஐ.ஆர். கோப்பு (ஒரு உண்மையான இடத்தின் எதிரொலிப்பைப் பதிந்த கோப்பு) ஒன்றைப் போட்டால் சரி. ரிவேர்பை டிராக்கின் மேலேயே போடாமல் தனி பஸ்ஸில் (டிராக்குகளின் ஒலியை அனுப்பும் பொதுத் தடம்) போட்டு, வெட் (ரிவேர்ப் ஒலி) முழுதாக, ட்ரை (மூல ஒலி) பூச்சியமாக வையுங்கள். குரலுக்கு ப்ரீடிலேயை (ரிவேர்ப் தொடங்க முன் வரும் தாமதம்) 30 மில்லி செகண்ட் அளவில் தொடங்குங்கள், சொற்கள் ரிவேர்பில் மூழ்காது. ரிவேர்புக்கு முன்னால் ஒரு ஈ.கியூ. (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குழப்பம் பாதி போய்விடும்.

காசு மிச்சம் என்றால் சுவருக்குத் தடித்த போர்வை போடுங்கள். காலி வீதி வாகனங்களின் ஹோர்ன் சத்தம் பதிவில் விழுந்தால் ரிவேர்ப் அதையும் சேர்த்தே இழுக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டு இரவு பிந்திப் பதிவு செய்யுங்கள்.