செகண்ட் ஹேண்ட் பிசினஸ் ஜெட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பன்னிரண்டு வயதான ஜெட், வெறும் 1,800 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. நல்ல சான்ஸ்தானே?

அவசரப்படாதீர்கள். இந்த ரக விமானங்களில் பெரிய பரிசோதனைகள் பலவும் மாதக் கணக்கில் வருபவை. ஹேங்கரில் சும்மா நின்றாலும் அந்தத் தேதி வந்தே தீரும். பறக்காமல் கிடந்தால் ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும், உலோகத்தில் அரிப்பு ஏறும். ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட விமானத்தைத்தான் நான் எடுப்பேன், மணி நேரம் இரண்டு மடங்கு இருந்தாலும் சரி. லேண்டிங் கியர் (சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும்) ஓவர்ஹால் எப்போது என்று கேளுங்கள். அது சீக்கிரம் வருகிறதென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: விமானம் பறந்ததையும் பழுதுபார்த்ததையும் பதியும் லாக்புக்கில் நடுவே சில மாதங்கள் இல்லை. அது அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். இன்ஜின் டிஸ்க், லேண்டிங் கியரின் சில பாகங்கள் எல்லாம் இத்தனை சுற்றுகள்தான் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று) என்று ஆயுள் குறிக்கப்பட்டவை. ஒரு பாகம் பிறந்த நாளிலிருந்து எத்தனை சுற்று ஓடியது என்பதற்குத் தாள் இல்லையென்றால், பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தாலும் அதைக் கழற்றிப் போட வேண்டி வரலாம். கேபினைப் புதுப்பித்திருந்தால், சீட் தோல், கார்பெட் இவற்றின் தீப் பரிசோதனைச் சான்றிதழ்களையும் கேளுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: விற்பவரே தன் வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் பரிசோதித்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அந்த மாடலை நன்கு தெரிந்த, ஆனால் இந்த விமானத்தை இதுவரை கவனித்துவராத இடத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். கேலி எனப்படும் சமையல் பகுதி, டாய்லெட் இரண்டுக்கும் அடியிலுள்ள தரைப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் சிந்திய தண்ணீரும் காபியும் இறங்கி, அரிப்பு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். பலகை திருகு கொஞ்சம் வெள்ளையாகப் பூத்திருந்தாலே நான் அங்கே நின்றுவிடுவேன். இன்ஜினுக்குள் போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு பிளேடுகளைப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ஜெட் சுமார் 12,500 கி.மீ. போகும் என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான், ஆனால் எட்டுப் பயணிகளோடு, மாக் 0.80 வேகத்தில் (ஒலியின் வேகத்தில் 80 சதவீதம்), காற்று எதிர்க்காதபோது. பம்பார்டியரின் குளோபல் 6000 ஜெட்டுக்குச் சொல்லப்படும் சுமார் 11,100 கி.மீ. மாக் 0.85-இல் கணக்கிட்டது. அதனால் இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நீங்கள் அடிக்கடி போகும் வழியில், குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது வீசும் எதிர்க்காற்றோடு கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்ஜின் மணிநேரத் திட்டத்தில் (பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் பராமரிப்புத் திட்டம்) இருக்கிறது என்றால் போதுமா?

தவணை பாக்கி இல்லை, திட்டம் உங்கள் பெயருக்கு மாறும் என்று திட்டத்தை நடத்துபவரிடமே எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது.

கேள்வி: டெபாசிட் யாரிடம் கொடுப்பது?

விற்பவர் கையில் வேண்டாம், எஸ்க்ரோவில், அதாவது இருவருக்கும் பொதுவான மூன்றாம் நபரின் கணக்கில் போடுங்கள். பரிசோதனை முடிந்து நீங்கள் எழுத்தில் ஏற்கும்வரை, கேட்டால் டெபாசிட் திருப்பித் தரப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அப்புறம், பதிவு செய்யப்பட்ட நாட்டின் ஆவணங்களோடு, விமானங்கள் மீதான கடன் உரிமைகளைப் பதிய, கேப்டவுன் ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் பதிவேட்டிலும் பழைய கடன் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தை விடுங்கள்.