வாசகர் கேள்வி பதில்: நோர்மாவை அப்படி ஆக்கினது யாரு?

போன இதழ்ல 'சன்செட் பொலிவார்ட்' பத்தி எழுதினதும் கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. பார்க்காதவங்களுக்கு ஒரு வரில: ஊமைப்பட காலத்துல கொடிகட்டிப் பறந்த நோர்மா டெஸ்மண்ட்ங்கற நடிகை, பேசும்படம் வந்தப்புறம் யாரும் கூப்பிடாம ஹாலிவுட்ல ஒரு பெரிய பங்களாவுல அடைஞ்சு கிடக்கறாங்க, காரை ஜப்தி பண்ண வர்றவங்ககிட்ட இருந்து தப்பிச்சு ஓடி வர்ற கதாசிரியர் ஜோ கில்லிஸ் அங்க வந்து மாட்டிக்கறான். 1950 படம், டைரக்டர் பில்லி வைல்டர்.

கேள்வி: எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க, எனக்கு நோர்மாவா வர்ற குளோரியா ஸ்வான்சன் நடிப்பு ரொம்ப ஓவரா தெரிஞ்சது. கண்ணை உருட்டறதும் விரலை வளைக்கறதும்... தாங்கல சார்.

பதில்: ஓவர்தான், ஆனா ஓவரா நடிக்கறது ஸ்வான்சன் இல்ல, நோர்மா. பக்கத்துலயே ஜோவா வர்ற வில்லியம் ஹோல்டனும், அவனை விரும்பற பெட்டிங்கற (Betty) பொண்ணா வர்ற நான்ஸி ஓல்சனும் எவ்ளோ சாதாரணமா பேசறாங்கன்னு கவனிங்க, ஒரே படத்துக்குள்ள ரெண்டு காலத்து நடிப்பை வேணும்னேதான் மோத விட்டிருக்காங்க. ஊமைப்படத்துல கோபம், ஆசை, பயம் எல்லாம் கண்ணுலயும் விரல்லயும்தான் வரணும், அதுலயே ஊறிப்போனவங்க வீட்டு ஹால்ல நடக்கறப்ப கூட கேமரா முன்னாடி நடக்கற மாதிரிதான் நடப்பாங்க. நம்பலைன்னா ஜோவை சிரிக்க வைக்க நோர்மா சாப்ளின் வேஷம் போடற சீனை மறுபடி பாருங்க. தொப்பி, மீசை, கைத்தடி, அந்த நடை, எல்லாம் பஞ்சு மாதிரி லேசா இருக்கும். உடனே பாரமவுண்ட் ஸ்டுடியோல இருந்து போன்னு வந்து சொல்றாங்க, அந்த மீசையோடவே முகம் மறுபடி மகாராணி முகமா இறுகிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஸ்வான்சன் எவ்ளோ பெரிய நடிகைன்னு நான் சண்டை போடுவேன்.

கேள்வி: செத்துப்போன ஆளே கதை சொல்றான், இதுல லாஜிக் எங்க இருக்கு?

பதில்: முதல்ல எடுத்த ஆரம்பம் இன்னும் விநோதம். பிணவறைல ஜோவோட உடம்பு மத்த பிணங்ககிட்ட கதை பேசற மாதிரி எடுத்திருந்தாங்க, முன்னோட்டக் காட்சில ஜனங்க சிரிச்சுட்டாங்க, தூக்கிட்டாங்க. இப்ப நாம பார்க்கறது நீச்சல்குளத்துல குப்புற மிதக்கற உடம்பு. தண்ணிக்கடில ஒரு கண்ணாடிய வச்சு அதுல தெரியற பிம்பத்தைத்தான் கேமரா பிடிச்சிருக்கு. லாஜிக்கை விடுங்க, ஆள் சாகப்போறான்னு முதல்லயே தெரிஞ்சதால 'என்ன ஆகும்'னு பதறாம 'எங்க தப்பு பண்ணான்'னு பார்த்துட்டே இருக்கோம் பாருங்க, அதான் இந்தப் படத்தோட பிடி.

கேள்வி: நோர்மாவுக்கு பைத்தியம், அவங்களைப் பார்த்து பரிதாபப்பட என்ன இருக்கு? காசு இருக்கு, பங்களா இருக்கு, ஜோவைக் கொலையும் பண்றாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அவங்க பக்கம் பேசறாங்க, எனக்கு புரியவே இல்ல.

பதில்: கொலை கொலைதான், அதுல ரெண்டு பேச்சு இல்லங்க. ஆனா நீங்க மேக்ஸை மறந்துட்டீங்க. அந்த வீட்டு பட்லர், எரிக் வான் ஸ்ட்ரோஹெய்ம் பண்ணியிருக்கார். நோர்மாவுக்கு தினமும் ரசிகர் கடிதம் வருதே, அத்தனையும் எழுதறது மேக்ஸ்தான். ஒரு காலத்துல அவங்களை வச்சு படம் எடுத்த டைரக்டரும் அவர்தான், முதல் புருஷனும் அவர்தான். வீட்டுல ஒரு கதவுக்கும் பூட்டு கிடையாது, பூட்டு இருந்த இடத்துல வெறும் ஓட்டை, ஏன்னா நோர்மா பலதடவை உயிரை விடப் பார்த்திருக்காங்க. அந்தக் கடிதங்கள் நின்னா என்ன ஆகும்னு மேக்ஸுக்கு பயம், ஆனா அந்தக் கடிதங்கள்தான் 'ஜனங்க இன்னும் எனக்காக காத்துட்டு இருக்காங்க'ன்னு அவங்களை நம்ப வச்சதும். பாசத்துலதான் செய்யறார், சந்தேகமே இல்ல, அந்தப் பாசம்தான் அவங்களை வெளிய வர விடாம மூடி வச்சது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை உண்மைய பக்குவமா சொல்லியிருந்தா நோர்மா வேற மாதிரி இருந்திருப்பாங்கன்னு நான் உறுதியா நம்பறேன். கடைசில ஜோ சொல்றான், அதுவும் கோபத்துல, மூஞ்சில அடிச்ச மாதிரி.

கேள்வி: இது ஸ்வான்சனோட சொந்தக் கதைதானா?

பதில்: இல்ல. 1927ல 'தி ஜாஸ் சிங்கர்' வந்து சினிமா பேச ஆரம்பிச்சப்ப ஸ்வான்சன் ஒதுங்கிடல, 1929ல அவங்க நடிச்ச முதல் பேசும்படத்துக்கே ஆஸ்கர் நாமினேஷன் கிடைச்சது. 30கள்ல வாய்ப்பு குறைஞ்சது உண்மை, ஆனா அவங்க பங்களாவுல உட்கார்ந்து அழுதவங்க இல்ல, 1948ல நியூயார்க் டெலிவிஷன்ல சொந்தமா நிகழ்ச்சியே நடத்தினாங்க. ஆனா ஒரு இடம் மட்டும் நிஜம்: நோர்மா ஜோவுக்கு தன் பழைய படம்னு போட்டுக் காட்டறாங்களே, அது ஸ்வான்சன் தயாரிச்சு நடிச்ச 'க்வீன் கெல்லி'. அதை டைரக்ட் பண்ணவர் ஸ்ட்ரோஹெய்ம், பாதில ஸ்வான்சனே அவரை நிறுத்திட்டாங்க, படம் அவர் நினைச்ச மாதிரி முடியவே இல்ல. அதே ஸ்ட்ரோஹெய்ம் இங்க மேக்ஸா நின்னு அந்தப் படத்தை புரொஜக்டர்ல ஓட்டறார்.

கேள்வி: பழைய கலைஞர்களை இப்படி கேவலப்படுத்தலாமா? சீட்டாடற சீன்ல பஸ்டர் கீட்டனைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பதில்: எனக்கும் அந்த இடம் வலிக்கும். மேஜைல கீட்டன், அன்னா நில்சன், எச்.பி. வார்னர், மூணு பேரும் நிஜமான ஊமைப்பட நட்சத்திரங்க, ஜோ அவங்களை மெழுகு பொம்மைங்கன்னு சொல்றான். ஆனா அது ஜோவோட பார்வை, படத்தோட பார்வை வேற. அதுக்கு நீங்க ஸ்டுடியோ சீனைப் பார்க்கணும். நோர்மா பாரமவுண்டுக்கு வர்றாங்க, நிஜ டைரக்டர் செசில் பி. டிமில் தானாவே நடிச்சிருக்கார், தன் நாற்காலில உட்கார வச்சுட்டு போறார். மைக் ஒண்ணு மேல நகர்ந்து வந்து தொப்பி இறகுல உரசுது, நோர்மா எரிச்சலா தள்ளி விடறாங்க. அவங்க வாழ்க்கைய மாத்தினதே அந்த மைக்தானே! அடுத்த நொடி மேல இருந்து ஒரு பழைய லைட்மேன் அடையாளம் கண்டு பேரைச் சொல்லி கூப்பிடறார், விளக்கை அவங்க மேல திருப்பறார், அங்கங்க நின்ன வயசான துணை நடிகர்கள் எல்லாம் ஓடி வந்து சூழ்ந்துக்கறாங்க. அப்புறம் டிமில் வந்து விளக்கை பழைய இடத்துக்கே திருப்பச் சொல்றார், வெளிச்சம் போனதும் கூட்டமும் கலைஞ்சிடுது. இதை எடுத்தவன் கலைஞர்களை கேவலப்படுத்தறவன்னு என்னால ஒத்துக்கவே முடியாதுங்க, கேவலப்படறது அவங்களை வச்சு சம்பாதிச்சு மறந்த தொழில். கூத்து என்னன்னா, பாரமவுண்ட் போன் பண்ணது நோர்மாவுக்காக இல்ல, அவங்களோட பழைய காரை ஒரு படத்துக்கு வாடகைக்கு கேட்டு. அதை அவங்ககிட்ட யாரும் சொல்லல, கடைசி சண்டைல ஜோதான் போட்டு உடைக்கறான்.

கேள்வி: அவார்டு ஏதாவது?

பதில்: 11 நாமினேஷன், 3 ஆஸ்கர்: திரைக்கதை, இசை, கலை. நடிப்புக்கு நாலு பேரும் நாமினேட் ஆகி ஒருத்தருக்கும் கிடைக்கல, சிறந்த நடிகை விருது ஜூடி ஹாலிடேவுக்கு போச்சு.

கேள்வி: ஜோ மேல மட்டும் எனக்கு இரக்கமே வரல. சரிதானே?

பதில்: பாதி சரி. நோர்மா வாங்கிக் கொடுத்த கோட்டை போட்டுக்கிட்டே அவங்களை இளக்காரமா பார்க்கறவன்தான். ஆனா அந்தப் பொண்ணு பெட்டி தன்னை விரும்பறது தெரிஞ்சும், அவளை அந்த வீட்டுக்கே வரச்சொல்லி, தான் எப்படி வாழறான்னு ஒண்ணும் மறைக்காம காட்டி அனுப்பறான் பாருங்க, கெட்டவனா மட்டும் இருந்தா அதை செய்ய மாட்டான். அவள் போனதும் சூட்கேஸைக் கட்டிட்டு கிளம்பறான். நோர்மா கொடுத்த நகை எல்லாத்தையும் திருப்பி கொடுத்துட்டுதான் படியிறங்கறான்.