வாசகர் கேள்வி பதில்: மயில்துத்தம்

இந்த முறை வந்த கடிதத்தில பாதி மயில்துத்தம் (அந்த நீலக் கல்லு) பற்றித்தான். மாரி துவங்கீட்டுது, முந்திரிகைப் (திராட்சை) பந்தல் வைச்சிருக்கிற ஆக்களுக்கு நித்திரை இல்லைப் போல. சரி, இந்த இதழை அதுக்கே விட்டிட்டன்.

ஐயா, முத்தத்தில ஒரு முந்திரிகைப் பந்தல் இருக்கு. இலையின்ர மேல்பக்கம் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் புள்ளி, திருப்பிப் பாத்தா அடியில வெள்ளைப் பஞ்சு. அப்பா முந்தி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறவர். நானும் போன வருசம் அப்பிடித்தான் அடிச்சன், இலை கருகிப்போச்சு. எங்க பிழை விட்டனான்? (ஊரெழு வாசகர்)

அனேகமா சுண்ணாம்பிலதான் பிழை தம்பி. மயில்துத்தம் எண்டுறது செப்பு சல்பேற்று. தனியக் கரைச்சா செப்பு முழுக்க அவிழ்ந்துபோய் தண்ணியில நிக்கும், கரைசலுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மையும் இருக்கு, அதை அப்பிடியே அடிச்சா பூஞ்சணத்தோட சேத்து இலையையும் சுட்டுப்போடும். சுண்ணாம்பு சேந்தாத்தான் செப்பு கரையாத ஐதரொட்சைட்டா மாறி, வெளிறின நீலக் கூழா இலையில ஒட்டிக்கொண்டு நிண்டு, மழையும் பனியும் படப்படக் கொஞ்சம் கொஞ்சமாச் செப்பை விடும். அந்தக் கொஞ்சம் பூஞ்சண வித்தியைக் கொல்லக் காணும், இலையும் தாங்கும். நீங்கள் திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பைப் போட்டிருப்பியள். காத்துப் பட்டுக் கிடந்த சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை இழுத்து இழுத்து, பேந்து வெறும் சுண்ணக்கல்லுத்தான், தராசில நிறை சரியாக் காட்டும், வேலைக்கு உதவாது.

பத்து லீற்றருக்கு 100 கிராம் துத்தம், 100 கிராம் புதுசாச் சுட்ட சுண்ணாம்பு. ரெண்டு பிளாஸ்ரிக் வாளியில ஐஞ்சு ஐஞ்சு லீற்றர் தண்ணி. இரும்பு வாளி, தகர வாளி பக்கமும் போகாதேங்கோ, செப்பு அதில படிஞ்சு வாளியையும் அரிச்சுப்போடும், மருந்தும் கெட்டுப்போகும். துத்தத்தைத் துணியில முடிஞ்சு தண்ணியின்ர மேல்மட்டத்தில தொங்கவிடுங்கோ, கரைஞ்ச தண்ணி பாரத்தில கீழ இறங்க இறங்க புதுத் தண்ணி மேல வரும், அடியில போட்டா போட்ட இடத்திலயே கிடக்கும். சுண்ணாம்பை நீத்தி, ஆறவிட்டு, வடிச்சுப்போட்டு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள்ள மெல்ல ஊத்திக் கலக்குங்கோ.

இப்ப அப்பா கட்டாயம் செய்திருப்பார் எண்டு நான் நினைக்கிற வேலை. கறள் பிடிக்கிற சாதி இரும்புக் கத்தி ஒண்டை (எவர்சில்வர் சரிவராது, குசினிக் கத்தியும் வேண்டாம்) சாம்பல் போட்டு மினுக்கி ஒரு நிமிசம் கலவைக்குள்ள வைச்சு எடுத்துப் பாருங்கோ. கத்தியில செம்மஞ்சளாத் தோல் மாதிரிப் படிஞ்சிருந்தா செப்பு இன்னும் அவிழ்ந்து திரியுது எண்டு அர்த்தம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விடுங்கோ, கத்தி மினுக்கமா வரும்வரைக்கும். அண்டைக்குக் கலந்ததை அண்டைக்கே அடிச்சு முடிக்கோணும், வெயில் ஏறமுந்திக் காலமை அடிச்சா வடிவாக் காயும். வந்த புள்ளியை இது மாத்தாது, புது இலைக்கு வராமத்தான் தடுக்கும். அடிச்ச இலையை ஆட்டுக்குப் போட்டிடாதேங்கோ, செம்மறிக்குச் செப்பு சரியான நஞ்சு.

இந்தக் கலவை வந்த கதையும் ஒரு பகிடிதான். பிரான்சில போர்தோவுக்குக் கிட்ட மெடொக் எண்ட இடத்தில, வழியால போறவை தெருக்கரைப் பழத்தைப் புடுங்காம இருக்க துத்தமும் சுண்ணாம்பும் தெளிச்சு விடுறவை. 1882 இல மியார்தே எண்ட தாவரவியலாளர் பாத்தா மற்ற இடமெல்லாம் இலை கொட்டிக் கிடக்க தெருக்கரை வரிசை மட்டும் பச்சையா நிக்குது. 1885 இல கலவையை வெளியிட்டார். கள்ளனுக்கு வைச்சது பூஞ்சணத்துக்குப் பலிச்சுது.

சேர், துத்தத்தைச் சூடாக்க வெள்ளையாப் போச்சு. ரீச்சர் அதுக்குள்ள தண்ணி இருக்கெண்டு சொன்னா. காஞ்ச கல்லுக்குள்ள எப்பிடித் தண்ணி? (சாவகச்சேரி மாணவி)

கையில ஈரம் ஒட்டாது பிள்ளை, ஆனா நிறையில 36 வீதம் தண்ணிதான். ஒரு செப்பு சல்பேற்றுக்கு ஐஞ்சு தண்ணி மூலக்கூறு, அதில நாலு செப்பைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அந்தப் பிடியாலதான் நீலமே வருது, தண்ணி போனா நிறமும் போச்சு. 25 கிராம் எடுத்து முழுக்க வெள்ளையாகும்வரை சூடாக்கி நிறுத்துப் பாருங்கோ, 16 கிராம்தான் மிஞ்சும். கனக்கச் சூடாக்கிக் கறுப்பாக்கிப் போடாதேங்கோ, அது வேற சாமான், செப்பு ஒட்சைட்டு. சோதனைக்குழாயின்ர வாயைக் கொஞ்சம் கீழ சரிச்சுப் பிடியுங்கோ, இல்லாட்டி வாயில கட்டுற தண்ணித்துளி திரும்பி ஓடிவந்து சூட்டுக் கண்ணாடியை வெடிக்க வைக்கும். ஆறினபிறகு ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கோ, நீலம் திரும்பி வரும், குழாயும் சுடும்.

கோயில் மண்டபத்தில இரத்ததானம் குடுக்கப் போனன். விரலில குத்தி எடுத்த துளியை ஒரு நீலத் தண்ணிக்குள்ள விட்டுப் பாத்திட்டு "சரி, படுங்கோ" எண்டினம். என்ன அது, சாத்திரமோ? (நல்லூர் வாசகர்)

அதுவும் மயில்துத்தத் தண்ணிதான் அண்ணை. அதின்ர தன்னீர்ப்பை (வெறும் தண்ணியைவிட எத்தினை மடங்கு பாரம் எண்ட கணக்கு) 1.053 க்குச் சரியாக் கட்டி வைச்சிருப்பினம், அது டெசிலீற்றருக்கு 12.5 கிராம் ஈமோகுளோபினுக்குச் சமன். இரத்தம் அதைவிடப் பாரமா இருந்தா 15 செக்கனுக்குள்ள தாழும், இரும்புச்சத்துக் குறைஞ்ச ஆளின்ர துளி மிதக்கும் இல்லாட்டி நடுவில தயங்கி நிக்கும். எனக்குப் பிடிச்சது என்னெண்டா, துளி விழுந்தவுடன இரத்தப் புரதமும் செப்பும் சேந்து துளியைச் சுத்தி ஒரு மெல்லிய தோல் போட்டிடும், அதாலதான் கரையாம முத்து மாதிரி உருண்டு இறங்குது. பற்றரியும் வேண்டாம் மெஷினும் வேண்டாம்.

கிணத்தில பாசி. துத்தம் கொஞ்சம் போட்டாப் போகும் எண்டு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுறா. போடலாமோ? (கைதடி அம்மா)

வேண்டாம் அம்மா. பாசி சாகும், உண்மை, ஆனா நுளம்புக் குடம்பி தின்ன விட்ட மீனும் சாகும். எவ்வளவு போட்டதெண்டு கண்ணால அளக்கவும் ஏலாது, கூடிப்போனா குடிக்கிற ஆக்களுக்குச் சத்தி. எங்கட சுண்ணக்கல்லு நிலத்தில உங்கட கிணத்துத் தண்ணி உங்கட வேலியோட நிக்கிறதுமில்லை, ஆச்சியின்ர கிணத்துக்கும் போகும். இறைச்சு, கட்டைத் தேய்ச்சுக் கழுவி, சருகு விழாம வலை போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுக் குளோரின் போடுங்கோ. ஆச்சிக்கு நான் சொன்னதெண்டு சொல்ல வேண்டாம்.