நிறுத்தி வைத்த படகில் முழங்கால் தண்ணீர்: யார்டு பொறுப்பா, உரிமையாளர் பொறுப்பா?

கேள்வி: என்னிடம் 18 அடி ஃபைபர் படகு இருக்கிறது. 90 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். வாடகைக்கு விடுவதில்லை, குடும்பத்தோடு போய்வர மட்டும்தான். மழை மாதங்களில் ஓட்ட முடியாது என்பதால் படகுகளை நிறுத்திப் பராமரிக்கும் ஒரு தனியார் யார்டில் டிரெய்லரோடு 5 மாதம் விட்டேன். ‘ஆஃப் சீசன் சர்வீஸ், கியர் ஆயில் மாற்றம், மூடி நிறுத்துதல்’ என்று பில் எழுதிப் பாதிப் பணம் வாங்கினார்கள். இப்போது போய்ப் பார்த்தால் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பேட்டரி மூழ்கிக் கிடக்கிறது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது என்று அங்குள்ள மெக்கானிக்கே சொன்னார். ஆனால் நிர்வாகமோ, ‘உரிமையாளர் பொறுப்பு என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது, டேங்கில் பழைய பெட்ரோலை விட்டதும் நீங்கள்தான்’ என்கிறது. மீதி வாடகையைக் கட்டி, ‘திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் படகை விடுவார்களாம். என்ன செய்வது?

பதில்: அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்ஜின் சாவியையும் இனி ஒருமுறைகூடத் திருப்பாதீர்கள். ‘இவரே ஸ்டார்ட் செய்துதான் கெடுத்தார்’ என்று நாளை அவர்கள் சொல்ல நீங்களே வழி கொடுத்ததாகிவிடும். உங்கள் வழக்கின் பலம் இப்போது சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட அந்தப் படகுக்குள் அதிகம் இருக்கிறது. தண்ணீர் வடிந்து, ஆயில் கொட்டப்பட்டு, பேட்டரி மாற்றப்பட்டால் அது போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பொருளைக் குறிப்பிட்ட காரியத்துக்காக ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 148-வது பிரிவில் வரும் ஒப்படைப்பு. கோர்ட்டில் பெய்ல்மென்ட் என்பார்கள். 151-வது பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே அளவும் தரமும் மதிப்பும் கொண்ட தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ, அப்படி உங்கள் படகை அவர்கள் கவனித்திருக்க வேண்டும். நல்ல நிலையில் கொடுத்ததையும் கெட்ட நிலையில் திரும்பியதையும் நீங்கள் காட்டிவிட்டால் போதும். அந்தக் கவனத்தை எடுத்தோம் என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் ஏறும். பூட்டிய யார்டுக்குள் 5 மாதம் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதைச் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இனி படகுக்கு வருவோம். உள்ளே நின்ற தண்ணீர், வெளுத்த கியர் ஆயில், பழைய பெட்ரோல் என்ற மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘எல்லாம் உங்களால்தான்’ என்று நோட்டீஸ் அனுப்பினால் வழக்கு பலவீனப்படும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பும் வேறு.

உள்ளே நின்ற தண்ணீர்தான் உங்கள் மிக வலுவான புள்ளி. தரையில் நிறுத்தும் படகில் பின்பலகையின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். தார்ப்பாய் நடுவில் தொய்ந்து குளம் கட்டாதபடி கூரை போல முட்டுக் கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. படகின் திறந்த பரப்பு 7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் மழைக்கே 700 லிட்டர், அதாவது 700 கிலோ தண்ணீர் உள்ளே சேரும். முதலில், அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் தானாக ஓடி ஓடிப் பேட்டரியைத் தீர்க்கும். அது நின்றதும் தண்ணீர் ஏறும், பேட்டரியும் ஃப்யூஸ் பெட்டியும் மூழ்கும். அந்த எடை டிரெய்லரின் டயரையும் அச்சையும்கூடப் பதம் பார்த்திருக்கும். ஆகவே பிளக் இப்போது துளையில் இருக்கிறதா, கழற்றியிருந்தும் துளையை இலைதழை அடைத்திருக்கிறதா என்பதை யாரும் கை வைக்கும் முன் வீடியோ எடுங்கள். இரண்டில் எதுவானாலும், மழை மாதம் முழுக்க எட்டிப் பார்க்காமல் விட்டது அவர்களுடைய கவனக்குறைவு.

கியர் ஆயில் விஷயம் நுட்பமானது. உங்களுக்குச் சாதகமும் இருக்கிறது, பாதகமும் இருக்கிறது. ஆயில் வெளுப்பது தண்ணீர் கலந்ததால். பெரும்பாலும், புரொப்பெல்லர் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் தேய்ந்தோ, மீன்பிடி நரம்பு சுற்றி அறுத்தோ, பழைய வாஷரோடு திருகுகளை மறுபடி முடுக்கியதாலோ தண்ணீர் உள்ளே போகும். எப்படியானாலும் தண்ணீர் நுழைவது இன்ஜின் தண்ணீருக்குள் இருக்கும்போதுதான். தரையில் நிற்கும் படகின் கியர் பெட்டிக்குள் சீல் வழியாகத் தண்ணீர் ஏற வழியில்லை. அப்படியானால், 5 மாதத்துக்கு முன்பே புது ஆயில் ஊற்றியதாகப் பில் போட்டவர்களின் பெட்டியில் இன்று வெளுத்த ஆயில் எப்படி வந்தது? ஒன்று, ஆயிலை மாற்றவே இல்லை. அல்லது, மாற்றிய பிறகு படகைத் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டாவது உண்மையென்றால் அது அனுமதியில்லாத உபயோகம், 154-வது பிரிவின் கீழ் அந்த உபயோகத்தால் வந்த சேதம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. இன்ஜினின் ஓட்ட நேரப் பதிவு இதைக் காட்டிக்கொடுக்கும். ஒப்படைத்த நாளில் மணி எவ்வளவு என்று உங்களிடம் படமோ பழைய சர்வீஸ் சீட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைய பதிவை அந்த இன்ஜின் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு எடுக்க வையுங்கள். கொஞ்ச நேர ஓட்டம் சர்வீஸுக்கு இயல்பு. பல மணி நேரம் என்றால் யாரோ படகில் போய்வந்திருக்கிறார்கள்.

பாதகம் இது. சீல் கெட்டது பெரும்பாலும் உங்கள் கையில் படகு இருந்தபோது. அதை மாற்றும் செலவை அவர்களிடம் கேட்காதீர்கள். ஆயிலை மாற்றியிருந்தால் அன்றே தண்ணீர் கலந்தது தெரிந்திருக்கும், உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், பேரிங்கும் பல்சக்கரமும் 5 மாதம் உப்புத் தண்ணீரில் ஊறியிருக்காது. அந்தத் துருவின் செலவைக் கேளுங்கள். இப்படிப் பிரித்துக் கேட்பவரின் பேச்சுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பு அதிகம். சீல் கசிகிறது என்று முன்பே தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

பெட்ரோலைப் பொறுத்தவரை யார்டு சொல்வதில் நியாயம் இருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், அதைத்தான் இன்ஜின் முதலில் உறிஞ்சும். இதைத் தடுக்க, பெட்ரோல் புதிதாக இருக்கும்போதே அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேர 10 நிமிடமாவது இன்ஜினை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். ‘ஆஃப் சீசன் சர்வீஸ்’ என்ற சொல்லுக்குள் இது அடங்குமா என்பதுதான் கேள்வி. அவர்களுடைய விலைப்பட்டியலிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ ஸ்டெபிலைசர், நன்னீர் ஃப்ளஷிங் (நன்னீரால் இன்ஜினைக் கழுவுவது) என்று ஒரு வரி இருந்தால் பொறுப்பு அவர்களுடையது. எங்குமே இல்லையென்றால் இந்தத் தலைப்பில் பாதியையாவது நீங்கள் விட்டுக்கொடுக்க நேரலாம்.

‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற பின்பக்க வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். படகை ஒப்படைத்து, வேலை பேசி முடித்த பிறகு கைக்கு வந்த பில்லின் முதுகில், நீங்கள் கையெழுத்திடாத ஒரு வரி ஒப்பந்தத்தின் நிபந்தனை ஆகிவிடாது. ஒப்படைக்கும் முன்பே அதைப் படித்துக் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போதும், செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதற்கு அந்த வரி கவசமாகாது.

படகைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? 170-வது பிரிவில் பற்றுரிமை இருக்கிறது, ஆனால் பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்திச் செய்த வேலையின் கூலிக்காக மட்டும். சர்வீஸ் கூலி பாக்கி என்றால், வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால், அதற்காகப் பிடிக்கலாம். இடம் கொடுத்ததற்கான வாடகைக்கு அந்தப் பிரிவு உதவாது. 171-வது பிரிவின் பொதுப் பற்றுரிமையில், கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் துறைமேடை நடத்துபவர்களும் உண்டு, அதைச் சொல்லிப் பார்ப்பார்கள். தரையில் யார்டில் வைத்த படகுக்கு அது பொருந்தாது என்று வாதிடுங்கள். ‘திருப்தி’ என்று எழுதிக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்த எந்தப் பிரிவிலும் இடமில்லை.

இருந்தாலும் நடைமுறையில் என் யோசனை: தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் வங்கி மூலம் கட்டிவிடுங்கள். அன்றே ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், சேதத்துக்கான என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட் பாஸில் கையெழுத்துக் கட்டாயம் என்றால், கையெழுத்துக்கு மேலே ‘சேதமடைந்த நிலையில் பெற்றேன்’ என்று உங்கள் கைப்பட எழுதிப் படம் எடுங்கள். வாடகை ஓடுவது நிற்கும், படகும் உங்கள் கைக்கு வரும். பணம் கட்டத் தயார் என்று எழுதியும் தர மறுத்தால், 161-வது பிரிவின்படி அந்த நாளிலிருந்து படகுக்கு வரும் சேதமும் அவர்கள் தலையில்தான்.

படகை எடுக்கும் முன் படகுச் சேதத்தை ஆராய்ந்து அறிக்கை தரும் ஒரு கடல்சார் சர்வேயரை அழைத்துப் போங்கள். எந்த நாள் என்று யார்டுக்கு 3 நாள் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், வராவிட்டால் குறை அவர்களுடையது. உள்ளே தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதை டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுத்த பிறகே வடிக்க வேண்டும். கியர் பெட்டியின் மேல் திருகையும் கீழ்த் திருகையும் திறந்து வெளியே வருவதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பிரிந்த தண்ணீர் இருந்தால் அது கனமானது என்பதால் முதலில் கொட்டும், பின்னால்தான் வெளுத்த ஆயில் வரும். சுத்தமான இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மூடி, சீல் வைத்து, தேதியிட்டு ஒன்றை யார்டிடம் கொடுங்கள். கழற்றிய சீல், வாஷர், பேட்டரி எதையும் குப்பையில் போடாதீர்கள். சர்வேயர் அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டிய பதில்கள் மூன்று: தண்ணீர் எந்த வழியாக வந்தது, ஆயில் மாற்றப்பட்டதா, துரு எத்தனை காலத்துப் பழையது.

கைபேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்தாமல் அசல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய, பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 2023-ன் 63-வது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டை, குறிப்பிட வேண்டும்.

இவ்வளவும் பதிவான பிறகு பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவின்படி, நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியையும் கணக்கில் எடுப்பார்கள். நனைந்த ஸ்டார்ட்டரை மேலும் 6 மாதம் துருப்பிடிக்க விட்டு அந்தச் செலவையும் கேட்டால் கிடைக்காது.

பிறகு 15 நாள் அவகாசத்தோடு வக்கீல் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். படகை வாடகைக்கு விடாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதால் நீங்கள் நுகர்வோர்தான். எந்த ஆணையம் என்பதைப் படகின் மதிப்போ கேட்கும் நஷ்டஈடோ தீர்மானிக்காது, யார்டுக்குக் கொடுத்த தொகைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. யார்டு வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. படகு இன்னும் அவர்கள் பிடியில் இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். உண்மை நிலவரத்தில் தகராறு பெரிதாக இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் வாய்ப்பு உண்டு. சர்வேயர் அறிக்கை தெளிவாக இருந்தால் அந்த ஆபத்து குறையும்.

படகுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இன்றே தகவல் சொல்லுங்கள். பாலிசியில் நிறுத்தி வைக்கும் காலத்துக்கென்று தனி நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் யார்டோடு சமரசம் செய்துகொள்ளாதீர்கள். நஷ்டஈடு கொடுத்த பிறகு யார்டிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும், அதை நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால் உங்கள் கிளெய்மே சிக்கலாகும்.

அடுத்த முறை எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கக் காகிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மணிப் பதிவு எவ்வளவு, டேங்கில் எத்தனை லிட்டர், ஸ்டெபிலைசர் யார் ஊற்றுவது, வடித்த பழைய கியர் ஆயிலைக் காட்டுவார்களா, கழற்றிய டிரெயின் பிளக் யார் கையில், பேட்டரியை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்வது யார், மழைக்குப் பின் எத்தனை நாளுக்குள் தார்ப்பாயைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிளக்கை மட்டும் ஸ்டீயரிங்கில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். தண்ணீரில் இறக்கும் நாளில் அதை மாட்ட மறந்து மூழ்கும் படகுகளும் உண்டு.