ஜாயினுக்கு எட்டாதது: தர்க்கத்தின் சொல்திறன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங்): அண்ணே, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் அடுத்தடுத்த நிலையங்களை ஜோடி ஜோடியாகத் தரவுத்தள டேபிளில் போட்டேன். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் போக வழி உண்டா என்று வெறும் ஜாயினால் (டேபிள் வரிகளைப் பொருத்திச் சேர்ப்பது) கேட்கவே முடியவில்லையே?

பதில்: முடியாது தம்பி. ஒரு ஜாயின் ஒரு நிலையம் தாண்டும். மூன்று நிலையத்துக்குள் எட்டுமா என்றால் எழுதிவிடலாம். ‘எத்தனை ஆனாலும்’ என்பது முதல்நிலைத் தர்க்கத்தில் (தனித்தனிப் பொருள்களைப் பற்றி ‘எல்லாம்’, ‘ஏதோ ஒன்று’ என்று பேசும் தர்க்கம்) அடங்காது. ஜாயின், நாட் எக்ஸிஸ்ட்ஸ் (‘அப்படி ஒரு வரி இல்லை’) எல்லாம் அந்தத் தர்க்கம்தான். கவுண்ட் (எண்ணிக்கை), சம் (கூட்டுத்தொகை) சேர்த்தாலும், நிலையங்களைச் சமமா இல்லையா என்று மட்டும் ஒப்பிடும்வரை இதே கதி. அதை நிறுவியவர்களில் நம் என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பேராசிரியர் லிம்சூன் வோங்கும் ஒருவர்.

தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் 1999 தரம் கொண்டுவந்த ‘வித் ரிகர்சிவ்’ (கிடைத்த விடையிலிருந்தே மீண்டும் மீண்டும் தேடுவது) எழுதுங்கள். நடுவில் யூனியன் ஆல் வேண்டாம், ஏற்கெனவே வந்த வரியை நீக்கும் யூனியன் போடுங்கள். ரயில் இருபக்கமும் ஓடுவதால் யூனியன் ஆல் போனால் நிற்காது. ‘எத்தனையாவது நிலையம்’ என்று எண்ணும் நெடுவரிசை சேர்த்தால் யூனியனும் காப்பாற்றாது, ஒவ்வொரு சுற்றும் புது வரியாகிவிடும். அப்போது உச்சவரம்பு வையுங்கள்.

கேள்வி: முடியாது என்பதற்கு நிரூபணம்? காம்பேக்ட்னெஸ் தேற்றம் (வாக்கியத் தொகுதியின் ஒவ்வொரு முடிவுள்ள பகுதிக்கும் மாதிரி, அதாவது அதை உண்மையாக்கும் அமைப்பு, இருந்தால் முழுத் தொகுதிக்கும் உண்டு என்பது) போதாதா?

பதில்: முடிவிலா மாதிரிகளையும் அனுமதித்தால் போதும். டேபிளோ முடிவுள்ளது, அங்கே காம்பேக்ட்னெஸ் செல்லாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

நிலையத்தை முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 முனை கொண்ட ஒரே வட்டம் ஒரு பக்கம், 28 முனை வட்டங்கள் இரண்டு மறுபக்கம். மூன்று குவாண்டிஃபையர் (‘எல்லா’, ‘ஏதோ ஒரு’ என்னும் சொற்கள்) ஒன்றுக்குள் ஒன்றாக வரும் வாக்கியம் ஒரு முனையைச் சுற்றி 13 தூரத்துக்கு மேல் பார்க்காது. எந்த முனையில் நின்றாலும் தெரிவது 27 முனை நேர்க்கோடு; இரு பக்கமும் மொத்தம் 56. சுற்றுப்புறங்கள் இப்படி ஒத்துப்போனால் ஹான்ஃப் தேற்றப்படி அந்த வாக்கியத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்று இணைந்தது, மற்றது இணையாதது! குவாண்டிஃபையரைக் கூட்டினால் வட்டத்தைப் பெரிதாக்கினால் போச்சு.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஏரன்ஃபாய்ஷ்ட் ஆட்டத்தில் எங்கே தவறு வருகிறது சார்?

பதில்: இரண்டு அமைப்பை வைத்து ஆடுவது இது: கெடுப்பவர் ஒன்றில் ஓர் உறுப்பைத் தொட்டு வேறுபாட்டைக் காட்டப் பார்ப்பார், எதிராளி மற்றதில் ஒத்த உறுப்பைத் தொட்டுச் சமாளிப்பார். தவறு, கெடுப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கம் மாறலாம் என்பதை மறப்பதில். 2 உறுப்பு வரிசை, 3 உறுப்பு வரிசை, இரண்டு சுற்று: கெடுப்பவர் மூன்றின் நடுவைத் தொடுகிறார். எதிராளிக்கு ஓரம்தான் கிடைக்கும். எந்தப் பக்கம் காலியோ, அந்தப் பக்கத்தை மூன்றில் தொட்டால் ஆட்டம் முடிந்தது. 3, 4 என்றால் இரண்டு சுற்றில் பிரிக்க முடியாது. பொதுவாக k சுற்றுக்கு இரு நீளமும் 2ᵏ−1 அல்லது அதற்கு மேல் இருந்தால் எதிராளி தப்புவார்.

கேள்வி: பேசாமல் இரண்டாம்நிலைத் தர்க்கத்துக்கே (பொருள்களின் கணங்களைப் பற்றியும் ‘எல்லா’, ‘ஏதோ ஒரு’ என்று பேசுவது) போய்விட்டால்?

பதில்: இணைப்பைச் சொல்லிவிடலாம், காம்பேக்ட்னெஸ் போய்விடும். காம்பேக்ட்னெஸும் லோவன்ஹைம்–ஸ்கோலமும் (முடிவிலா மாதிரி இருந்தால் எண்ணத்தக்க மாதிரியும் உண்டு என்னும் தேற்றம்) சேர்ந்து நிற்கும் தர்க்கங்களில் முதல்நிலையை மிஞ்ச ஒன்றுமில்லை என்று தர்க்கவியலாளர் லிண்ட்ஸ்ட்ரோம் 1969இலேயே காட்டிவிட்டார்.