உலோகத்தின் அருகே இரண்டு அணுக்கள்

கேள்வி: எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் பல்லி வழுக்காமல் ஏறுகிறது. அதைத் தாங்குவது வான் டெர் வால்ஸ் விசை என்று ஆசிரியர் சொன்னார். உலோகம் அருகில் இருந்தால், இரண்டு அணுக்களுக்கு இடையிலான அந்த விசையும் மாறுமா?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: மாறும். பல்லியின் பாதத்தைப் பீரோ இழுப்பது வேறு; பீரோவின் அருகே இருப்பதாலேயே இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் அளவு மாறுவது வேறு. இவ்விரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்த்திருப்பது மிகவும் நல்ல கேள்வியாக அமைந்துவிட்டது.

மின்னூட்டம் இல்லாத அணுவிலும் எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைவதால் நொடிக்கு நொடி சிறு மின் இருமுனை (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின்) தோன்றி மறைகிறது என்றும், அது அடுத்த அணுவிலும் இருமுனையைத் தூண்டி இந்த வான் டெர் வால்ஸ் ஈர்ப்பை உண்டாக்குகிறது என்றும் 1930இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். இந்த ஈர்ப்பின் ஆற்றல் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது; தொலைவு இரட்டித்தால் 64இல் ஒரு பங்காகிவிடும்.

இனி ஒரு கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, ஈர்க்குச்சி ஒன்றின் ஒரு நுனியில் குங்குமம் தடவி, அதை நேர்மின் முனையாகவும், குச்சியை நம் இருமுனையாகவும் கொள்ளுங்கள். உலோகமும் இப்படிப் பிம்பம் காட்டும். ஆனால் பிம்பத்தில் நேர்மின் எதிர்மின்னாகிவிடும். குச்சியை நிமிர்த்திப் பிடித்தால், முனைகளை மாற்றிப் படித்த பிம்பமும் அதே திசையைக் காட்டி வலுச் சேர்க்கிறது. படுக்க வைத்தால் எதிர்த்திசை காட்டி அழிக்கிறது.

இரண்டு அணுக்கள் உலோகத்தை ஒட்டி அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில், ஓர் அணுவின் இருமுனை அடுத்த அணுவில் உண்டாக்கும் மின்புலம், அவற்றை இணைக்கும் கோட்டின் திசையில் 2 பங்கு, குறுக்குத் திசைகள் இரண்டிலும் தலா 1 பங்கு; ஈர்ப்பு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வர்க்கங்களைக் கூட்டினால் 4+1+1=6. உலோகத்தின் அருகே படுத்திருக்கும் இரண்டு திசைகளும் அழிந்து, நிமிர்ந்த 1 மட்டும் 2 ஆக, வர்க்கம் 4. ஆகவே ஈர்ப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. பள்ளிக் கூட்டலிலேயே இவ்வளவு தெரிந்துவிடுவதால் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, கீழுள்ளது உலோகத்தை ஒட்டியிருந்தால், நிமிர்ந்த 2 பங்கு 4 ஆகி, வர்க்கம் 16. குறுக்குத் திசைகள் அழிகின்றன. ஈர்ப்பு 16/6, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல்.

இவை குறையற்ற கடத்திக்கும், சில நானோமீட்டர் அளவிலான தொலைவுக்கும் உரிய எண்கள். தொலைவு கூடும்போது ஒளி போய்வரும் நேரமும் கணக்கில் சேர, வெட்டவெளியிலேயே தொலைவின் ஆறாம் அடுக்கு ஏழாம் அடுக்காகிறது என்று 1948இல் இயற்பியலாளர்கள் காசிமிரும் போல்டரும் காட்டினார்கள்.