காசுமாலையை அடகுவைத்து ஆய்வுப் பயிற்சியா?

கேள்வி: தேவகோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறோம். செலவு போக மாதம் 50,000 ரூபாய் நிற்கும். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள்; மருத்துவ ஆராய்ச்சியில் ஆசை. சென்னையில் இருக்கும் என் நாத்தனார், தன் மகனை அனுப்பியதுபோல இவளையும் அமெரிக்காவில் 4 வாரக் கோடைக்கால உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார். விமானச் செலவோடு 6 லட்சம். ஆச்சி போட்ட காசுமாலையை அடகுவைத்தால் போதும், வரிச்சலுகையும் உண்டு என்கிறார். ஏற்கெனவே 3 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. மூன்று வருடமாக வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து வருகிறோம். அனுப்பலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நகைக்கடனைப் பற்றிய வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. திருப்பி வைப்பது கடனை அடைப்பது ஆகாது, சகோதரி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 3,000. மூன்று வருடத்தில் 1,08,000 போய்விட்டது. அசல் அப்படியே 3 லட்சம். இதன்மேல் 6 லட்சம் ஏறினால் வட்டி மட்டும் மாதம் 9,000. மகள் பிளஸ் டூ முடிக்கும்போது 2,16,000 வட்டி கட்டியிருப்பீர்கள். கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும் அந்த நேரத்தில் 9 லட்சம் கடனும் கூடவே நிற்கும்.

வரிச்சலுகை பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புக்கான கல்விக்கடனின் வட்டிக்குத்தான். இதற்குக் கிடைக்காது. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். இடம் நீட் மதிப்பெண்ணை வைத்துத் தரப்படுகிறது. இந்தச் சான்றிதழ் அதில் அரை மதிப்பெண்கூடச் சேர்க்காது.

பள்ளி மாணவர்களை உண்மையிலேயே தேர்ந்தெடுக்கும் ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் பெற்றோரிடம் பெரிய கட்டணம் கேட்பதில்லை. 1984-இல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் பயிற்சிக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தங்கள் கோடைக்காலப் பயிற்சிக்கு உதவித்தொகையே கொடுத்து வந்திருக்கின்றன. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். 6 லட்சம் வாங்கிக்கொண்டு இடம் தருகிறவர்கள் பிள்ளையின் திறமையைவிட உங்கள் நகைப்பெட்டியைத்தான் எடைபோடுகிறார்கள். இப்போது ஊரெல்லாம் இதே பேச்சாக இருப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

பிள்ளையின் ஆசை நல்ல ஆசை. அதை அணைத்துவிடாதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது. மின்வேதியியலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்பாள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியைக் காட்டுங்கள். பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டதும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் மின்னோட்டத்தைத்தான் கருவி அளக்கிறது. சிக்ரி உட்பட மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் பள்ளி மாணவர்களுக்காக 2017 முதல் 'ஜிக்யாசா' திட்டத்தை நடத்துகின்றன. அறிவியல் ஆசிரியர் மூலம் பள்ளியிலிருந்து சிக்ரிக்கு ஒரு கடிதம் போகட்டும். தேவகோட்டையிலிருந்து பஸ் டிக்கெட்தான் செலவு.

புதுக் கடனுக்கு வட்டியாகப் போகவிருந்த 6,000 ரூபாயை, இப்போது கட்டும் 3,000 வட்டியோடு சேர்த்து மாதாமாதம் பழைய கடனில் கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைத்து ரசீது தரச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் அசல் ஏறக்குறைய 1,40,000-க்கு இறங்கியிருக்கும்.

நாத்தனாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் கணவரே தன் சகோதரியிடம் பேசட்டும்.